ஒரு தலை குறைகிறது

இந்தக் காலத்தில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிற மனுஷன் ஒருத்தன் இருந்தால் மெத்வல்லிக்குக் காட்டுங்கள். அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க அவர் தயார். மருந்துக்கடைக்காரனிடம் இந்த மாத்திரை முழங்காலுக்குக் கேட்குமா என்றால், "சாப்பிட்டுப் பாருங்க ஹாஜ்" என்கிறான். வேனை நிறுத்தி ஸ்டேஷனுக்குப் போகுமா என்றால், "ஏறுங்க ஹாஜ், அல்லா பாத்துப்பான்" என்கிறான். அல்லா பார்த்துக்கொள்வான், சரி. ஸ்டீரிங் யார் கையில் இருக்கிறது? போதாததற்கு எல்லாரும் ஹாஜ் என்கிறார்கள். அவர் மக்காவுக்குப் போனதே இல்லை. வயதானவனையெல்லாம் ஹாஜ் என்று கூப்பிட்டால், உண்மையில் போய் வந்தவனை என்னவென்று கூப்பிடுவது?

மெத்வல்லி கஃபர் ஸெய்த்தூன் கிராமத்தில் சேப்பங்கிழங்கு போட்டுப் பிழைக்கிறவர். அந்த வியாழக்கிழமை அவருக்கு ஒரே ஒரு பதில் தேவைப்பட்டது. ஆமா, அல்லது இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் அவர் மகன் பயூமி. அவனை ராணுவம் கூட்டிக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் ஒரு பயிற்சி முகாமில் வைத்திருந்தது. அங்கே கைபேசி கூடாது.

மாவு மில் வைத்திருக்கிற அஷ்மாவி தெளிவாகச் சொல்லிவிட்டார். "மெத்வல்லி, நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வா. ஆமான்னா அங்கேயே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிக்கலாம். இல்லேன்னா இல்லைன்னு சொல்லிரு. குவைத்துல ஏசி ரிப்பேர் பண்ற பையன் வீட்டுக்காரங்க என் வாசலை விட்டு நகர மாட்டேங்கறாங்க. என் மக ராவ்யா என்னமோ உன் மகன் பேரைத்தான் சொல்றா. ஏன்னு எனக்கே விளங்கல."

மெத்வல்லிக்கும் விளங்கவில்லை. முகாமுக்குப் போகுமுன் பயூமியைக் கேட்டபோது, அவன் தரையைப் பார்த்தபடி ஒரு காலால் மறுகாலின் கெண்டைச்சதையைச் சொறிந்துகொண்டு நின்றான். சின்ன வயதில் மிட்டாய்க்கடை முன்னால் அப்படித்தான் நிற்பான்.

"அதான் ஆமான்னு சொல்லிட்டானே" என்றாள் அவர் மனைவி ஸனிய்யா.

"எப்ப சொன்னான்? சொறிஞ்சான்."

"அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மெத்வல்லி ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் கேட்காமல்தான் அவருடைய வாப்பா ஸனிய்யாவை அவருக்கு முடித்துவைத்தார். ஸனிய்யாவைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அவள் கடைசியாக ஒன்று சொல்லுவாள்: "நீ என்ன, என்னைக் கேட்டா கட்டினே?" அதற்கு இன்றுவரை அவரிடம் பதில் கிடையாது. தன் மகன் வீட்டில் அந்தக் கேள்வி வரக்கூடாது. சொறிவதை நம்பி ஒரு பெண்ணைக் கொண்டுவர முடியாது. வாயால் சொல்லட்டும்.

வியாழக்கிழமை வீட்டார் வந்து பார்க்கிற நாள். வெங்காயமும் அரிசியும் அடைத்த வாத்து ஒன்றை ஸனிய்யா பானையில் வைத்துத் துணியால் கட்டிக் கொடுத்தாள். பானையை மடியில் வைத்துக்கொண்டு, "அல்லா பாத்துப்பான்" வேன்கள் இரண்டு மாறி, மெத்வல்லி முகாம் வாசலில் இறங்கினார்.

"இன்னைக்குப் பார்க்க முடியாது ஹாஜ்" என்றான் காவலுக்கு நின்ற பையன். "ஜெனரல் வர்றாரு."

"நான் ஹாஜ் இல்ல. வியாழக்கிழமை பார்க்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வியாழக்கிழமை பார்க்கலாம். இது ஜெனரல் வர்ற வியாழக்கிழமை."

"வாத்து கெட்டுப்போகும்டா."

"வாத்தை நாங்க பாத்துக்கறோம்."

"அதுக்குத்தான் பயப்படறேன்" என்று சொல்லி, மெத்வல்லி சாலையோரத்தில் இருந்த ஒரு வெள்ளைக் கல்லின் மேல் உட்கார்ந்தார். கல் ஈரமாக இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கற்கள், எல்லாவற்றுக்கும் வெள்ளை. கொஞ்சம் தள்ளி ஒரு பையன் வாளியும் தூரிகையுமாகக் குந்தியிருந்தான்.

"கல்லுக்கு எதுக்குடா வெள்ளை?"

"ராத்திரி தெரியறதுக்கு."

"ராத்திரி இங்க யாரு வர்றா?"

"யாரும் வர மாட்டாங்க."

அவனுக்கு அப்பால் இன்னொருத்தன் ஈச்ச ஓலை விளக்குமாற்றால் பாலைவனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டிய இடத்தில் காற்று மறுபடி மணலைக் கொண்டுவந்து போட்டது. அவன் கோபப்படாமல் மறுபடி கூட்டினான். கூட்டிய மணலை எங்கே போடுவாய் என்று மெத்வல்லி கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டாவது கம்பெனி பக்கமாகத் தள்ளிவிடுவோம் என்றான். அவர்கள் என்ன செய்வார்கள்? "அவங்க எங்க பக்கமாத் தள்ளுவாங்க."

அப்போது கர்னல் ஷவ்கி வாசலுக்கு வந்தார். முகாமின் தளபதி அவர்தான். தொப்பிக்குக் கீழே வயிறும், வயிற்றுக்குக் கீழே பளபளக்கிற பூட்ஸுமாக இருந்தார். பின்னால் சார்ஜெண்ட் தர்தீர் ஓடி வந்தார்.

"எண்ணிக்கை தமாமா?" என்றார் கர்னல்.

தினமும் தலைகளை எண்ணி, ஒன்றும் குறையவில்லை என்று மேலே சொல்லுகிற சொல்தான் தமாம். அதைச் சொல்லாவிட்டால் அந்த முகாமில் பொழுது விடிந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"ஒரு தலை குறையுது, ஐயா."

"ஓடிட்டானா? துரோகி! நாடு இவனுக்குச் சோறு போடுது, இவன் ஒளிஞ்சுக்கறானா? எங்க ஒளிஞ்சிருந்தாலும் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா!"

"ஐயா, அவன் உங்க வீட்டுக் குளியலறையில டைல்ஸ் ஒட்டிக்கிட்டிருக்கான், ஐயா."

காற்று கொஞ்சம் மணலைக் கொண்டுவந்தது. கூட்டுகிறவன் கூட்டினான்.

"அப்ப அவன் பணியில இருக்கான்" என்றார் கர்னல்.

"ஆமா, ஐயா."

"தேசப் பணியில."

"ஆமா, ஐயா. சுவர் முடிஞ்சுது, தரை பாக்கி. கூப்பிட ஆள் அனுப்பினேன். தரை முடியாம அனுப்ப மாட்டேன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க."

"அம்மா சொன்னா சரிதான். ஆனா ஜெனரல் வர்றப்ப எனக்குத் தமாம் வேணும். ஒரு தலை குறைஞ்சா உன் தலை குறையும்." கர்னல் போய்விட்டார்.

சார்ஜெண்ட் தர்தீர் நாலா பக்கமும் பார்த்தார். பாலைவனத்தில் எவ்வளவு பார்த்தாலும் தலை அகப்படாது. கடைசியில் அவர் பார்வை வெள்ளைக் கல்லின் மேல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த ஒரு மொட்டைத் தலையில் வந்து நின்றது.

"பெரியவரே, எழுந்திரிங்க."

"எதுக்கு?"

"கொஞ்ச நேரம் சிப்பாயா இருங்க."

"எனக்கு அறுபது தாண்டிருச்சு."

"வயசை யாரு கேட்டா? தலை இருக்குல்ல?"

"முடி இல்ல."

"பாதி வேலை மிச்சம்."

மெத்வல்லி யோசித்தார். "என் மகன் பயூமி உள்ளே இருக்கான். அவன் பக்கத்துல நிறுத்துவியா?"

"எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கானுங்க. தேடிப் பிடிச்சு நிறுத்தறேன். வாங்க."

சாமான் அறையில் உடுப்பு கொடுக்கிறவன் பூட்ஸ் அளவு கேட்டான். மெத்வல்லி சொன்னார். "இங்க ரெண்டே அளவுதான்" என்றான் அவன். "பெருசு, இல்லேன்னா இல்லை." அவர் பெருசை வாங்கிக்கொண்டார். அங்கியைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். வாத்துப் பானையை சார்ஜெண்ட் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

தூங்குகிற கூடத்தில் கட்டில்கள் கயிறு பிடித்த மாதிரி ஒரே வரிசை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அவற்றில் யாரும் படுப்பதில்லை, படுத்தால் சுருக்கம் விழும். பையன்கள் கட்டிலுக்கு அடியில் படுக்கிறார்கள். கூடத்துக்குப் பின்னால் கழிப்பறைகள் கழுவிப் பூட்டியிருந்தன.

"ஜெனரல் பார்த்துட்டுப் போனப்புறம் திறப்போம்" என்றார் சார்ஜெண்ட்.

"அதுவரைக்கும் பையன்க?"

"அடக்கிக்குவாங்க. அடக்கம்தானே பெரியவரே பயிற்சி?"

பிறகு தண்ணீர்த் தொட்டி நிழலில் நிறுத்தி அவருக்குப் பாடம் நடந்தது. "மத்தவங்களுக்கு மாசக்கணக்கா சொல்லித் தர்றதை உங்களுக்கு ஒரு மூச்சுல சொல்றேன். நேராப் பாருங்க, ஆனா எதையும் பாக்காதீங்க. என்ன கேட்டாலும் 'உத்தரவு, ஐயா!'ன்னு கத்துங்க. பசிக்குதான்னு கேட்டாலும் அதான், சாப்பிட்டியான்னு கேட்டாலும் அதான்."

"ரெண்டுக்கும் ஒரே பதிலா?"

"கேக்கறவருக்குப் பதில் தேவையில்ல பெரியவரே. சத்தம்தான் தேவை."

மருந்துக்கடைக்காரன் எவ்வளவோ தேவலை என்று மெத்வல்லிக்குத் தோன்றியது. அவன் மழுப்பும்போது முகத்தையாவது பார்க்கிறான்.

மைதானத்தில் வரிசை நின்றது. சார்ஜெண்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மெத்வல்லியைக் கொண்டுபோய் பயூமிக்கும், பற்கள் துருத்திய இன்னொரு பையனுக்கும் நடுவில் செருகினார்.

பயூமி இளைத்திருந்தான். மொட்டை அடித்த தலை வெயிலில் உரிந்திருந்தது. மூக்கின் மேல் ஓர் ஈ உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் கண் சிமிட்டவில்லை.

"பயூமி, நான்தான்டா."

பயூமி நேராகவே பார்த்தான்.

"உங்கம்மா வாத்து குடுத்துவிட்டா."

தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"ராவ்யா விஷயம். நாளைக்கு அஷ்மாவிக்குச் சொல்லியாகணும். கட்டிக்கிறியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு, நான் போயிடறேன்."

சார்ஜெண்ட் அந்தப் பக்கமாகக் கடந்தார். "உத்தரவு, ஐயா!" என்று பயூமி வெடித்தான். ஈ பறந்துவிட்டது.

"விடுங்க பெரியவரே" என்று துருத்துப்பல் பையன் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தான். "அவன் பேச மாட்டான். போன வாரம் வரிசையில தும்மிட்டான். தேள் பொந்துக்குக் காவல் நிக்க வெச்சாங்க."

"தேள் கொட்டிருச்சா?"

"தேள் வெளியவே வரல. ஏன் வரலன்னு அதுக்கும் ஏச்சு."

மெத்வல்லி மகனைப் பக்கவாட்டில் பார்த்தார். மிட்டாய்க்கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுகிற பிள்ளை இது.

ஜெனரலின் கறுப்புக் கார் வந்தது. கூட்டி வைத்த மணல் அத்தனையும் எழுந்து எல்லார் மேலும் உட்கார்ந்தது. கர்னல் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மேன்மை தங்கிய ஐயா! இந்தப் பையன்கள் இங்கே வந்தபோது 'ஏன்' என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் 'எப்போது' என்று மட்டும் கேட்டார்கள். இப்போது எதுவுமே கேட்பதில்லை! வந்தபோது இவர்கள் விவசாயி, கொத்தன், டிரைவர் என்று ஆளுக்கு ஒரு வேலை தெரிந்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டோம்! முன்பெல்லாம் கதவு திறந்திருந்தால் உள்ளே போவார்கள். இப்போது திறந்த கதவு முன்னாலும் உத்தரவு வரும்வரை நிற்கிறார்கள். போன மாதம் சமையல்கூடம் தீப்பிடித்தது, ஐயா. பக்கத்திலேயே தண்ணீர் வாளிகள். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட வாளியைத் தொடவில்லை! ஏன்? உத்தரவு வரவில்லை!"

ஜெனரல் கை தட்டினார். "சமையல்கூடம்?"

"முழுவதும் எரிந்தது, ஐயா. ஒழுங்காக எரிந்தது."

ஜெனரல் இறங்கி வரிசையைப் பார்வையிட்டார். பொத்தான்களைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், முகங்களுக்கு வரும்போது வேகமாக நடந்தார். மெத்வல்லி முன்னால் வந்ததும் அவர் கால் நின்றது.

"உனக்கு வயசு என்ன?"

"உத்தரவு, ஐயா!" என்று மெத்வல்லி கத்தினார்.

ஜெனரல் கர்னலைப் பார்த்தார். கர்னலின் மீசை வேர்த்தது.

"இருபது, ஐயா."

"இருபதா?"

"வந்தப்ப இருபது, ஐயா. பயிற்சி கொஞ்சம் கடுமை."

ஜெனரல் மெத்வல்லியின் முகச் சுருக்கங்களை வெகுநேரம் பார்த்தார். "பொறுப்பு தெரியுது" என்றார். "முகத்துல பொறுப்பு தெரியுது. எனக்கும் ஒரு மகன் இருக்கான். இன்னும் அவங்கம்மா ஊட்டினாத்தான் சாப்பிடறான்."

"இங்க அனுப்புங்க, ஐயா! ஆளாக்கித் தர்றோம்!"

"சேச்சே. அவனுக்குத் தட்டைப் பாதம். டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு." ஜெனரல் மெத்வல்லியின் தோளைத் தட்டினார். "இவன் எப்பலேர்ந்து இங்க இருக்கான்?"

"ஆரம்பத்துலேர்ந்தே, ஐயா."

ஆரம்பம் அன்று காலைதான். அதனால் அது பொய் இல்லை.

"மகனே" என்றார் ஜெனரல். மெத்வல்லியைவிடப் பத்து வயது சின்னவர். "உன்னைப் பார்த்தா எனக்கே பெருமையா இருக்கு. ஏதாவது கேளு, தர்றேன்."

பின்னால் நின்ற சார்ஜெண்டின் கண்கள் வேண்டாம் வேண்டாம் என்றன.

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் மெத்வல்லி. "பக்கத்துல நிக்கிறானே, இவன்கிட்ட ஒரு கேள்வி. அஷ்மாவி மக ராவ்யாவைக் கட்டிக்கிறானா இல்லையான்னு. இவன் வாயால பதில் வேணும்."

"பாத்தியா ஷவ்கி!" ஜெனரல் உருகிப்போனார். "கூட இருக்கிறவனுக்குப் பொண்ணு பாக்கறான்! இதுதான் தோழமை!"

"பாடத்திட்டத்துலயே இருக்கு, ஐயா."

ஜெனரல் பயூமியின் பக்கம் திரும்பினார். "சிப்பாய்! ராவ்யாவைக் கட்டிக்கிறியா?"

"உத்தரவு, ஐயா!"

"முடிஞ்சுது" என்றார் ஜெனரல்.

"முடியல" என்றார் மெத்வல்லி. "மாத்திக் கேளுங்க."

"ராவ்யா வேணாமா உனக்கு?"

"உத்தரவு, ஐயா!" சத்தம் ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"என் வீட்டு எருமையைக் கட்டிக்கிறானா, கேளுங்க."

"எருமையைக் கட்டிக்கிறியா?"

"உத்தரவு, ஐயா!"

ஜெனரலின் கண்கள் கலங்கின. கைக்குட்டையை எடுத்தார். "ஷவ்கி, இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்ல." கர்னலைக் கட்டித் தழுவிக்கொண்டார். பிறகு பயூமியின் கையைக் குலுக்கி, "கல்யாண வாழ்த்துகள்" என்றார். யாரோடு என்று சொல்லவில்லை.

ஜெனரலும் கர்னலும் மேடையில் போட்டோவுக்கு நின்ற நேரத்தில் வாசல் பக்கமிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். முழங்கை வரைக்கும் சிமெண்டு, கையில் கரணை. கர்னல் வீட்டுத் தரை முடிந்துவிட்டது. அவனும் ஒழுங்காகப் பயிற்சி பெற்றவன், நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றான். கிளம்புமுன் ஜெனரலுக்கு ஒரு தமாம் சொல்ல வேண்டும். சார்ஜெண்ட் எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் சாம்பலாகிவிட்டது.

மெத்வல்லியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒரு தலை கூடுது! கழட்டுங்க, சீக்கிரம் கழட்டுங்க!"

"கூடினா நல்லதுதானே?"

"குறைஞ்சா ஓடிட்டான்னு சொல்லலாம் பெரியவரே. கூடினா என்ன சொல்றது? பொறந்துட்டான்னா?" சார்ஜெண்டே குனிந்து அவருடைய பூட்ஸைப் பிடுங்கினார். அங்கியைத் தலை வழியாக மாட்டிவிட்டார். "ஓடுங்க ஹாஜ்!"

"நான் ஹாஜ் இல்ல. என் பதில் எங்க?"

"அல்லா மேல சத்தியமா, எனக்குத் தெரியாது." சார்ஜெண்ட் கொஞ்சம் நின்றார். மூச்சு வாங்கியது. "நான் இங்க வந்தப்ப என்கிட்டயும் ஒரு பதில் இருந்துச்சு பெரியவரே. எந்தக் கேள்விக்குன்னு இப்ப மறந்துபோச்சு. போங்க, போங்க."

"வாத்து?"

சார்ஜெண்ட் வானத்தைப் பார்த்தார். பானையைக் கையில் கொடுத்தார். காலிப் பானை, முகம் பார்க்கலாம் போலத் தேய்த்துக் கழுவியிருந்தது. மொத்த முகாமிலும் மெத்வல்லி பார்த்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அவர் வாசலைத் தாண்டும்போது தமாம் என்ற சத்தம் கேட்டது. கறுப்புக் கார் புழுதியோடு அவரைக் கடந்து போனது. கர்னல் சாப்பிடப் போய்விட்டார். வரிசையைக் கலையச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பையன்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள்.

மெத்வல்லி வேலியோரம் நின்று மகனைத் தேடினார். சார்ஜெண்ட் சொன்னது உண்மைதான், எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அப்புறம், வரிசையின் நடுவில் ஒரு பூட்ஸ் மெல்லத் தரையை விட்டு எழுந்தது. அது மறுகாலின் கெண்டைச்சதைக்குப் போய், மேலும் கீழும் தேய்த்தது.

"எவன்டா அது அசையறது?" என்று சார்ஜெண்ட் கத்தினார். "தேள் பொந்து ஞாபகம் இருக்கா?"

பூட்ஸ் இறங்கவில்லை. முகம் நேராகத்தான் பார்த்தது. கால் மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது.

மெத்வல்லிக்கு எதையும் சோதிக்காமல் நம்பிப் பழக்கமில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, "எருமை!" என்று கத்தினார்.

கால் நின்றது.

"ராவ்யா!"

கால் தேய்த்தது. பூட்ஸ் கழன்று விழுந்துவிடும் போலத் தேய்த்தது. துருத்துப்பல் பையன் வரிசையில் நின்றபடியே சிரித்துவிட்டான். சார்ஜெண்ட் அவனை நோக்கி ஓடினார்.

"என்ன ஹாஜ், பதில் கிடைச்சுதா?" என்றான், மைதானத்தில் நடந்ததையெல்லாம் கேட்டிருந்த காவல்காரப் பையன்.

"கால் சொல்லுது. வாய் சொல்லல." மெத்வல்லி பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாளைக்கு அஷ்மாவி வீட்டில் ஃபாத்திஹா வேண்டுமானால் ஓதலாம். நிக்காஹ் மட்டும், அவன் ஊருக்கு வந்து, அந்தப் பூட்ஸைக் கழற்றி எறிந்து, தன் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான். கட்டிலுக்கு அடியில் படுக்கிற பிள்ளைகள். கால்சட்டைக்குள் மூட்டைப்பூச்சி புகுந்திருக்காது என்று யார் கண்டது?

வெள்ளைக் கற்களுக்கு நடுவே அவர் நெடுஞ்சாலையைப் பார்த்து நடந்தார். பின்னாலிருந்து காவல்காரப் பையன் கத்தினான்.

"ஹாஜ்! உங்க அங்கியில பின்பக்கம் பூரா வெள்ளை!"

"இருக்கட்டும்" என்றார் மெத்வல்லி, திரும்பாமல். "ராத்திரி தெரியும்."